வாசல்வரை கொண்டுபோன சட்டை

அஞ்சலே பெர்மால் விரி விரி என்கிற மிளகாயை அரைத்துக் கோயில் கல்லில் பூசிய வெள்ளிக்கிழமைக்கு மறுநாளிலிருந்து வெல்மாரா கடையின் துணிகள் உடம்பில் எரிய ஆரம்பித்தன. அதைப் பற்றி எண்பத்திரண்டாம் நம்பர் கிராமத்தில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை, அரைத்தால் எரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எரிகிறது என்று தெரிந்த பிறகும் ஜனங்கள் அதைக் கழற்றாமல் இருந்தார்களே, அதற்குத்தான் கொஞ்சம் ஆச்சரியப்பட்டோம், அதுவும் முதல் வாரம் மட்டும்.

கயானாவின் கிழக்கு ஓரத்தில் எங்கள் பக்கத்து ஊர்கள் பலவற்றுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். கரும்புத் தோட்டக்காரர்கள் நிலத்தைக் கோடு கிழித்து எண் போட்டுவிட்டுப் போனார்கள். தோட்டம் போயிற்று, எண் நின்றுவிட்டது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் மதராஸில் கப்பலேறியவர்களின் பிள்ளைகளும், அதற்கும் முன்னால் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு போட்டுக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளும் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறோம். பேசுவது எங்கள் ஊர் ஆங்கிலம். தமிழ் என்பது மாரியம்மன் கோயிலில் உடுக்கை அடிக்கும்போது மட்டும் வாயில் வரும், அர்த்தம் தெரியாமல், ஆனால் ஒரு எழுத்து தவறாமல். அவர்கள் பேசியதை நான் எனக்குத் தெரிந்த தமிழில் சொல்கிறேன்.

ஊரில் பாதி வீடுகளில் ஆள் இல்லை. எல்லோரும் நியூயார்க்குக்கும் டொராண்டோவுக்கும் போய்விட்டார்கள். போகிறவர்கள் விமான நிலையத்துக்கு வண்டி ஏறுவதற்கு முன்னால் கடைசியாகப் போய் நிற்கிற இடம் அஞ்சலேயின் வீடு. அவள் கூடத்துச் சுவரில் ஒரு பலகை, பலகையில் இருபத்துமூன்று ஆணி, ஆணிக்கு ஒன்றாக இருபத்துமூன்று சாவி. காலையில் அவள் வீடு வீடாகப் போய் ஜன்னல்களைத் திறந்து வைப்பாள், செம்பருத்திக்குத் தண்ணீர் விடுவாள், சாமிப் படம் இருந்தால் விளக்கேற்றுவாள், ஏசு படம் இருந்தால் தூசி தட்டுவாள்; சாயங்காலம் அதே வரிசையில் சாத்திக்கொண்டு வருவாள். எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அது அவளுக்குத் தெரியும் என்று எங்களுக்கும் தெரியும். அதனால்தான் நாங்கள் வெளிநாட்டில் நிம்மதியாகத் தூங்கினோம்.

அவள் புருஷன் பெர்மால் கிரிக்கெட் அம்பயர். எங்கள் கடற்கரையின் எல்லா மைதானத்திலும் முப்பது வருஷம் வெள்ளைச் சட்டையில் நின்றவர். அவர் செத்து ஆறு வருஷம். ஒவ்வொரு வருஷமும் அவர் திதிக்கு அஞ்சலே ஆட்டுக்கறி, பருப்பு, கொஞ்சம் ரம் எல்லாம் வைத்துப் படைத்து, பக்கத்தில் ஒரு புது வெள்ளைச் சட்டையும் வைப்பாள். வெள்ளை என்றால் சுத்த வெள்ளை. பக்கத்து வீட்டு மிஸ் யூனிஸ், சந்தையில் துணி விற்கிற கறுப்பினத்துப் பொம்பிளை, வருஷா வருஷம் கிண்டல் செய்வாள்: “கொஞ்சம் மங்கலா வச்சுப் பாரு அஞ்சலே, மேல இருந்தே அவுட் கொடுத்துடுவாரு.”

அந்தச் சட்டையை அவள் எப்போதும் போர்ட் மெர்சி டவுனில் அய்யாசாமி கடையில்தான் எடுப்பாள். இருட்டுக் கடை. எந்தத் துணியை எடுத்தாலும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்க்க வேண்டும், அய்யாசாமியே உள்ளேயிருந்து “வெயில்ல பாருங்க, வெயில்ல பாருங்க, அப்புறம் என்னைத் திட்டாதீங்க” என்று கத்துவார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சாசரில் மஞ்சள் குழைத்து வைத்திருப்பார். பிடித்துப்போன துணியின் மூலையில் ஒரு பொட்டு வைத்துவிட்டால் அது உன்னுடையது. வேறு யாரும் கை வைக்க மாட்டார்கள். இந்த இரண்டு பழக்கமும் எங்கள் ஊர்க்காரர்கள் கையிலும் காலிலும் ஊறிப்போனவை.

பிறகு கடலுக்கு அடியில் எண்ணெய் கிடைத்தது. எண்ணெய்க்குப் பின்னால் ஆட்கள் வந்தார்கள், ஆட்களுக்குப் பின்னால் துணிக்கடைகள் வந்தன. போர்ட் மெர்சியில் ஒரே வருஷத்தில் மூன்று வெளிநாட்டுக் கடைகள் ரிப்பன் வெட்டித் திறந்தன. மூன்றில் பெரியது வெல்மாரா. ஜன்னலே இல்லாத கடை. உள்ளே வருஷம் முழுவதும் குளிர், வருஷம் முழுவதும் ஒரே வெளிச்சம், அந்த வெளிச்சத்தில் கிழவன்கூடப் புதுசாகத் தெரிவான். அய்யாசாமி ஆறு மாதம் தாக்குப்பிடித்தார், பிறகு கடையைச் சாத்தி, சாவியை அஞ்சலேயிடம் கொடுத்துவிட்டு மகளிடம் போய்விட்டார்.

அதனால் அந்த வருஷம் திதிச் சட்டைக்கு அஞ்சலே வெல்மாராவுக்குப் போனாள். ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்தாள். பிடித்திருந்தது. சாசரைத் தேடினாள், இல்லை. கைப்பையில் இருந்த சின்ன டப்பாவிலிருந்து மஞ்சளை எச்சில் தொட்டுக் குழைத்து, காலரின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்தாள். பிறகு சட்டையைக் கையில் போட்டுக்கொண்டு, வெயிலில் பார்ப்பதற்காக வாசலை நோக்கி நடந்தாள்.

வாசல் அலறியது.

காவலாளி டெரிக் ஓடி வந்தான். எங்கள் ஊர்ப் பையன்தான், முப்பது வயது. அவன் சித்தி வீட்டுச் சாவி அஞ்சலேயின் பலகையில் ஏழாவது ஆணியில் இருந்தது. அவனுக்குப் பின்னால் மானேஜர் மிஸ்டர் கிராண்ட்லி வந்தார், எங்கிருந்தோ வந்தவர், பல நாடுகளில் பல கடைகளைத் திறந்தவர்.

“வெயில்ல பாக்கணும். வெள்ளையா இல்லையான்னு” என்றாள் அஞ்சலே.

“வெளியே கொண்டுபோறதுக்கு எல்லா நாட்டிலயும் ஒரே பேர்தான், மேடம்” என்றார் கிராண்ட்லி. காலரைத் திருப்பிப் பார்த்தார். மஞ்சள். “ஓ. கறை வேற. பழைய சட்டை, நான் போட்டுட்டு வந்ததுன்னு சொல்லப்போறீங்க, இல்லையா?”

“நான் வாங்கப்போறேன், மகனே. அதுக்குத்தான் பொட்டு.”

கிராண்ட்லி டெரிக்கைப் பார்த்தார். “உனக்கு இவங்களைத் தெரியுமா?”

டெரிக்குக்கு வேலை கிடைத்து மூன்று வாரம். தரையைப் பார்த்தான். “ஊர்ல பாத்திருக்கேன், சார்.”

அவளைச் சட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். பெரிதாக்கி வாசல் பக்கத்துச் சுவரில் மாட்டினார்கள். கீழே, ‘திருடர்களுக்கு இங்கே இடமில்லை.’ உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் முதலில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் துணியைப் பார்த்தார்கள். அவள் மினிபஸ் பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் படம் போன் போனாக நியூயார்க் போய்ச் சேர்ந்திருந்தது.

மறுநாள் முதல் அழைப்பு. “ஆன்ட்டி, ஒண்ணுமில்ல, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கும் வயசாச்சு. சாவியைப் பக்கத்துத் தெரு ராமு அங்கிள்கிட்ட கொடுத்துடுங்களேன்.” மூன்றாம் நாள் இரண்டு அழைப்பு. யாரும் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, எல்லோரும் அவள் முழங்கால் வலியைப் பற்றித்தான் பேசினார்கள், அவளுக்கு முழங்கால் வலியே கிடையாது. இரண்டு வாரத்தில் பதினொரு ஆணி காலி. கேட்டவர்களில் நானும் ஒருவன். டொராண்டோவில் பனி பெய்துகொண்டிருந்தது, ஊருக்குத் திரும்பிவருவதென்று முடிவு செய்து டிக்கெட்டும் எடுத்திருந்தேன், இன்னும் எட்டு நாளில் நானே நேரில் வாங்கிக்கொள்ளலாம், இருந்தும் போன் செய்து ராமு அங்கிளிடம் கொடுத்துவிடச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “எந்தச் சாவிடா, முன்கதவா, பின்கதவா? ரெண்டும் எங்கிட்டதான் இருக்கு.”

பதினொன்றாவது சாவி போன வெள்ளிக்கிழமை, உச்சிவேளையில், அவள் ஒரு கூடை விரி விரி மிளகாயோடு கோயிலுக்குப் போனாள். செர்ரிப் பழம் மாதிரி உருண்டையாக, சிவப்பாக, ஒன்றைக் கடித்தால் காது அடைத்துவிடும் மிளகாய் அது. கூடையின் ஒரு காதை மிஸ் யூனிஸ் பிடித்திருந்தாள்.

கோயிலுக்குள் வேப்பமரத்தடியில் ஒரு கறுப்புக் கல் இருக்கிறது. எங்கள் ஆட்கள் வந்த கப்பலில் பாரத்துக்குப் போட்ட கல் என்பார்கள். நியாயக்கல். அநியாயம் நடந்தவர் தன் கையால் மிளகாய் அரைத்து அதில் பூசிவிட்டு, என்ன வேண்டும் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் முதல் பாதி. இரண்டாம் பாதி, தப்பு செய்தவன் தன் வாயால் உண்மையைச் சொன்ன மூன்றாம் நாள், அரைத்த அதே கை தயிரும் இளநீரும் ஊற்றிக் கல்லைக் குளிர வைக்க வேண்டும். வைக்காவிட்டால் எரிச்சல் திரும்பி வந்து அரைத்த கையிலேயே ஏறிக்கொள்ளும், பிறகு சாகும்வரை இறங்காது. இது எங்கள் ஊரில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் தெரியும்.

“அரைக்கிறது சுலபம், அஞ்சலே” என்றார் பூசாரி சின்னப்பேன். “குளிர வைக்க மனசு வரணும். யோசிச்சுக்கோ.”

“அது வர்றப்ப வரட்டும் பூசாரி. இப்ப வழியை விடுங்க.”

அரைத்தாள். பூசினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, அது மிளகாயால்தான் என்று மிஸ் யூனிஸ் எல்லோரிடமும் சொன்னாள். “என்னைத் திருடின்னு மாட்டி வச்சிருக்கிறவன் கடையில இன்னிக்கு இருக்கிற துணியும், அங்கேயிருந்து இதுவரைக்கும் போன துணியும் எரியட்டும்” என்றாள் அஞ்சலே. “நான் திருடலைன்னு அவன் வாயால சொல்றவரைக்கும் எரியட்டும்.”

சனிக்கிழமை காலை, கடற்கரை முழுக்க எரிந்தது. மாப்பிள்ளைக் கோலத்தில் வெல்மாரா கோட்டோடு நின்ற ஒருவன் தாலி கட்டுகிற நேரத்தில் நெளிந்த நெளிப்பில், பெண் வீட்டார் அவனுக்குச் சம்மதமில்லையோ என்று எழுந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழு முழுவதும் வெல்மாரா கவுனில் நின்று அந்தச் சபையின் சரித்திரத்தில் இல்லாத உச்சத்தில் பாடியது, பாதிரியார் பரிசுத்த ஆவி இறங்கிவிட்டது என்று அழுதார். திங்கட்கிழமை பேங்க் கவுண்டரில் உட்கார முடியாமல் எல்லோரும் நின்றுகொண்டே வேலை பார்த்தார்கள். துவைத்தார்கள், எரிந்தது. வெயிலில் உலர்த்தினார்கள், எரிந்தது. எலுமிச்சையில் ஊறவைத்தார்கள், இன்னும் நன்றாக எரிந்தது. ஹெல்த் சென்டர் நர்ஸ் வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, “கழற்றிடுங்க, அதான் மருந்து” என்றாள். யாரும் கழற்றவில்லை. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு போட்டார்கள், உள்ளே வாழையிலைத் துண்டு வைத்துக்கொண்டு போட்டார்கள். பையன்கள் துணி அக்குளில் படாமலிருக்கக் கைகளை அகட்டி, இடுப்பை ஒரு பக்கம் தள்ளி, ஒரு தினுசாக நடந்தார்கள். ஒரு மாதத்தில் அதற்கு வெல்மாரா நடை என்று பெயர் வந்தது, சாதாரணச் சட்டை போட்டவர்களும் அப்படியே நடந்தார்கள்.

கடைக்குப் போய் எரிகிறது என்று புகார் சொல்ல ஒருவரும் துணியவில்லை. சொன்னால், உங்கள் உடம்புக்கு இந்தத் துணி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். மெல்ல மெல்ல எரிவதுதான் அசல் என்று ஆகிவிட்டது. ஒருவருக்கொருவர் கை குலுக்கும்போது மணிக்கட்டுத் துணியை விரலால் தொட்டுப் பார்த்தார்கள், சுரீர் என்றால் மரியாதையாகத் தலையசைத்தார்கள். கிராண்ட்லிக்குக் காரணம் தெரியாது, காரணத்தைத் தேடுகிற ஆளும் இல்லை. விற்பனை ஏறியதும் கண்ணாடியில் நெருப்புப் படம் போட்டு ‘உங்கள் சூடு இங்கே’ என்று எழுதி வைத்தார். அஞ்சலேயின் படம் அதே சுவரில் அப்படியே இருந்தது.

சந்தையில் போலி வெல்மாரா விற்கிற மிஸ் யூனிஸ்தான் முதலில் விழித்துக்கொண்டாள். தன் சட்டைகளின் உள்பக்கம் விரி விரி மிளகாயைத் தேய்த்துத் தொங்கவிட்டாள். “கடையில இருக்கிறதைவிட என்னுது நல்லா எரியும், தொட்டுப் பாரு, தொட்டுப் பாரு, அழறதுன்னா அந்தப் பக்கம் போய் அழு!”

“நீயுமா?” என்றாள் அஞ்சலே.

“நான் என்ன பண்ணட்டும்? உன் சாபத்துக்கு இந்த ஊர்ல இவ்வளவு கிராக்கி இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அதற்குள் அஞ்சலேயின் பலகையிலிருந்து இன்னும் இரண்டு சாவி போயிருந்தது, மொத்தம் பதின்மூன்று. அதில் ஒரு சாவிக்காரி குவீன்ஸிலிருந்து கூப்பிட்டாள், சாவியைத் திருப்பிக் கேட்ட அதே வாயால், “ஆன்ட்டி, அங்கே எரியற சட்டை கிடைக்குதாமே, என் வீட்டுக்காரருக்கு ஒண்ணு அனுப்ப முடியுமா?” என்று கேட்டாள். அன்றைக்கு அஞ்சலே போனை வைத்துவிட்டுக் காலி ஆணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தபடி கூடத்திலேயே நின்றிருந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நான் ஊர் திரும்பிவிட்டிருந்தேன். உள்ளே போக எனக்கு முகம் இல்லை.

ஒருநாள் டெரிக் வந்தான். காவலாளிச் சீருடையும் வெல்மாராவுடையதுதான், பத்து மணி நேரம் கழற்றவும் முடியாது. கழுத்தெல்லாம் கன்றிச் சிவந்திருந்தது. எங்கள் ஊர் வீடுகள் தூண்மேல் நிற்பவை, கீழே திறந்த வீட்டடி; அந்த வீட்டடித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். “ஆன்ட்டி, எனக்கு மட்டுமாவது ஏதாவது பண்ணுங்க.”

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“ஆன்ட்டி, நான் டெரிக். என்னைத் தெரியலையா?”

“ஊர்ல பாத்திருக்கேன்” என்றாள் அஞ்சலே.

நான்கு மாதம் கழித்துப் புதுச் சரக்கு வந்தது. அரைத்த வெள்ளிக்கிழமை கடையில் இல்லாத துணி, அதனால் எரியவில்லை. ஜனங்கள் வாங்கிப்போய்ப் போட்டுப் பார்த்து, கொதித்துப்போய்த் திரும்பி வந்தார்கள். போலியைக் கொடுத்துவிட்டாய் என்று கவுண்டரில் துணியை எறிந்தார்கள். “சந்தையில அந்தப் பொம்பிளை விக்கிறது எரியுது, நீ கண்ணாடி போட்டு விக்கிறது எரியலை, யாரை ஏமாத்தறே?” என்றார் ரிட்டயரான ஹெட்மாஸ்டர் ஒருவர். இரண்டே வாரத்தில் கடைக்குள் வாங்க ஒரு ஆள் இல்லை. அப்போதுதான் கிராண்ட்லி காரணம் கேட்டார். டெரிக் சொன்னான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவருடைய கார் எண்பத்திரண்டாம் நம்பருக்குள் வந்தது. அஞ்சலே வீட்டடியில், தூணுக்குத் தூண் கட்டிய ஊஞ்சல் துணியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. அவருக்கு ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டாள். டெரிக் அவர் பின்னால் நின்றான், மிஸ் யூனிஸ் வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்துகிற பாவனையில் நின்றாள்.

“திருமதி பெர்மால், உங்களுக்கும் எங்களுக்கும் ஒரு சின்ன மனஸ்தாபம் ஆயிடுச்சு” என்றார்.

“எனக்கும் உனக்கும்.”

“சரி, எனக்கும் உங்களுக்கும். புதுச் சரக்குக்கும் நீங்க அதே மாதிரி... செய்யணும். என்ன வேணும், சொல்லுங்க.”

“படத்தை எடு.”

“இன்னிக்கே எடுக்கிறேன்.”

“உன் கடை வாசல்ல, வெயில்ல, மைக் வச்சு நில்லு. நான் திருடலை, நீ பொய் சொன்னேன்னு சொல்லு. அப்புறம் பதின்மூணு பேர் நம்பர் தர்றேன். ஒவ்வொருத்தருக்கும் உன் போன்ல நீயே கூப்பிட்டு அதையே சொல்லு.”

கிராண்ட்லி நெற்றியைத் துடைத்தார். “சொன்னா செய்வீங்களா?”

“நீ சொல்லிட்டா கோயில்ல எனக்கு ஒரு வேலை பாக்கி இருக்கும்” என்றாள் அஞ்சலே. “அது என்னன்னு இந்த ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. கேட்டுக்கோ.”

அவர் திரும்பி டெரிக்கைப் பார்த்தார். டெரிக் தரையைப் பார்த்தான்.

வேறு யாரையும் அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. கிழவி ஒத்துக்கொண்டாள், அது போதும் அவருக்கு. பேங்க் ஆட்கள் சொல்லியிருக்கலாம். பாடகர் குழு சொல்லியிருக்கலாம். கடையில் வேலை பார்த்த பதினெட்டுப் பெண்களில் ஒன்பது பேர் எங்கள் கோயிலுக்கு வருகிறவர்கள், ஒருத்தியாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் உண்மையைச் சொல்லவே மாட்டார், எரிகிற துணி மிஞ்சும், எங்களுக்கும் அதுதான் பிடித்திருந்தது. ஆனாலும் யாரும் வாய் திறக்கவில்லை. ஏன் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அந்தக் குளிர்ந்த கடைக்குள் நுழையும்போதெல்லாம் எங்கள் பைகளைத் துழாவிய கைகள் எங்கள் எல்லோருக்கும் நினைவிருந்தன என்றுதான் நினைக்கிறேன். கிராண்ட்லி சந்தோஷமாகத் தலைமைக்கு எழுதி மூன்று கண்டெய்னர் சரக்கு வரவழைத்தார்.

சனிக்கிழமை உச்சிவெயிலில் அவர் கடை வாசலில் நின்றார். நிழலில் மைக் வைத்திருந்தார்கள், மிஸ் யூனிஸ் போய் அதைத் தூக்கி வெயிலில் வைத்தாள். “திருமதி அஞ்சலே பெர்மால் திருடவில்லை. நான் சொன்னது பொய்.”

“கேக்கலை!” என்று கத்தினாள் மிஸ் யூனிஸ்.

மறுபடி சொன்னார்.

“காத்து அந்தப் பக்கம் போகுது, மிஸ்டர்! நியூயார்க்ல கேக்க வேணாமா?”

மூன்றாவது தடவை மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தியே சொன்னார். சாயங்காலத்துக்குள் பதின்மூன்று அழைப்பும் செய்து முடித்தார். என்னையும் கூப்பிட்டார், நான் ஊரிலேயே, அஞ்சலே வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

மறுநாள் சாவிகள் திரும்பி வந்தன. ராமு அங்கிள் ஐந்தைக் கொண்டுவந்தார், மற்றவை மச்சான்கள், சித்தப்பாக்கள் கையில் வந்தன. அஞ்சலே எதையும் கையால் வாங்கவில்லை. “எடுத்தது எந்த ஆணியோ அதிலயே மாட்டு” என்று சொல்லிவிட்டு, அவர்கள் தடுமாறி ஆணியைத் தேடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியாக நான் போனேன். நீட்டினேன்.

“நீதான் வந்துட்டியே” என்றாள். “உன் ஜன்னலை நீயே திறந்துக்கோ.”

என் சாவி தொங்கிய பதினான்காவது ஆணி காலியாகவே இருந்தது.

மூன்றாம் நாள் திங்கட்கிழமை. கோயிலில் நிற்க இடமில்லை. கிராண்ட்லிக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அஞ்சலே ஒரு தயிர்ப்பானையும் நான்கு இளநீரும் கொண்டுவந்து இறக்கினாள். அவர் எட்டிப் பார்த்தார். “மிளகாய் எப்போ?” என்று டெரிக்கின் காதில் கேட்டார்.

“அது போன தடவையே முடிஞ்சிட்டுது, சார்.”

அவள் தயிரை ஊற்றினாள். மிளகாய்ச் சாந்து காய்ந்து அடையாக ஒட்டியிருந்த கல்லை உள்ளங்கையால் தேய்த்தாள், இளநீரை ஊற்றினாள், மறுபடி தேய்த்தாள், கடைசித் துளி இறங்கியபோது கூட்டம் முழுவதிலிருந்தும் ஒரு பெருமூச்சு எழுந்தது, கோயிலில் மட்டுமல்ல, பேங்கில், மினிபஸ்ஸில், அறுபது மைல் கடற்கரையில் வெல்மாரா போட்டிருந்த எல்லோரிடமிருந்தும். எரிச்சல் நின்றது. நின்றவுடன் எல்லோரும் குனிந்து நாங்கள் போட்டிருந்ததைப் பார்த்தோம். ஒருவனுக்குக் கை மணிக்கட்டுக்கு மேலே நின்றது. ஒருத்திக்குப் பித்தான் ஒற்றை நூலில் ஆடிக்கொண்டிருந்தது. யாரோ வேறு யாருக்கோ, எங்கள் தோளும் இடுப்பும் எப்படி இருக்கும் என்று ஒருநாளும் பார்க்காதவர்கள் வெட்டிய துணி. இத்தனை நாள் எரிச்சலில் அதைக் கவனிக்கவில்லை.

கிராண்ட்லி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “ஏமாத்திட்டே!”

அஞ்சலே தயிர்க்கையோடு திரும்பினாள். “முதல்ல திருடின்னே. இப்ப ஏமாத்துக்காரிங்கிறே. பானையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கட்டுமா, இன்னொரு படம் எடுத்துக்கிறியா?”

“உண்மை வெளியே வந்துட்டா கல்லைக் குளிர வச்சே ஆகணும், சார்” என்றார் பூசாரி சின்னப்பேன், மிகவும் மரியாதையாக. “உங்களுக்கு யாருமே சொல்லலையா?”

மூன்று கண்டெய்னரும் வந்து இறங்கின. துறைமுகத்தில் ஒரு மழைக்காலம் நனைந்தன. அந்தத் துணி எரியவில்லை என்பதால் வெறும் துணியாக மட்டுமே இருந்தது, வெறும் துணியை வாங்க யாரும் போகவில்லை. கண்ணாடியிலிருந்து நெருப்புப் படத்தைச் சுரண்டி எடுத்தார்கள், பிறகு பொம்மைகளை எடுத்தார்கள், பிறகு கிராண்ட்லியை. அவர் போன அன்று வழியனுப்ப டெரிக் மட்டும் போனானாம். மற்ற இரண்டு வெளிநாட்டுக் கடைகளும் இன்னும் இருக்கின்றன. நாங்கள் அங்கே போகிறோம், வாங்குகிறோம், நாங்கள் ஒன்றும் திருந்திவிடவில்லை. ஆனால் அந்த இரண்டு கடையிலும் இப்போது வாசலுக்குத் துணியைக் கொண்டுபோனால் ஒருவரும் தடுப்பதில்லை, கதவைப் பிடித்துத் திறந்து வைக்கிறார்கள்.

காலிக் கட்டிடத்தின் சொந்தக்காரர் மயாமியில் இருக்கிறார். பூட்டிய கடையை யாராவது வாரம் ஒருமுறை திறந்து காற்றாட விட வேண்டும், நம்பிக்கையான ஆள் யார் இருக்கிறார்கள் என்று ஊர் ஊராக விசாரித்தார். எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். வெல்மாராவின் சாவி வந்து பதினான்காவது ஆணியில், என் ஆணியில், ஏறிக்கொண்டது.

பெர்மாலின் அடுத்த வருஷத் திதிக்கு இரண்டு நாள் முன்னால் அஞ்சலே அந்தக் கடையைத் திறக்கப் போனாள். மிஸ் யூனிஸும் கூடப் போனாள், பழைய ஹேங்கர் ஏதாவது கிடைக்குமா என்று. கரண்டு வெட்டியிருந்தார்கள், உள்ளே அய்யாசாமி கடையைவிட இருட்டு. மானேஜர் அறையில் மேஜை இழுப்பறைக்குள், பிளாஸ்டிக் உறையில் போட்டு, தேதி எழுதி ஒட்டி, அந்த வெள்ளைச் சட்டை இருந்தது. காலரின் உள்பக்கம் மஞ்சள் பொட்டு அப்படியே.

அஞ்சலே உறையைக் கிழித்தாள். சட்டையைக் கையில் போட்டுக்கொண்டு அன்றைக்கு நடந்த அதே வழியில், அதே வேகத்தில் வாசலுக்கு நடந்தாள். வாசல் அலறவில்லை. வெளியே போய் நின்று, வெயிலில் இரண்டு கையாலும் உயர்த்தி விரித்தாள். முன்பக்கம் பார்த்தாள், திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், சட்டைக் கையைத் தூக்கி அக்குள் தையலைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். தெருவில் போகிறவர்கள் நின்றுவிட்டார்கள்.

“என்ன?” என்றாள் மிஸ் யூனிஸ்.

“வெள்ளை இல்லை. நீலம் ஓடுது.”

“அட கடவுளே! அப்போ அன்னிக்கு?”

“வாங்கியிருக்க மாட்டேன்.”

அவள் சட்டையை உதறி நான்காக மடித்தாள், உள்ளே போய் எடுத்த இழுப்பறையிலேயே வைத்தாள், வெளியே வந்து கடையைப் பூட்டினாள், பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு, முப்பது வருஷம் எல்லா மைதானத்திலும் பெர்மால் செய்தது போலவே, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், பூட்டிய கதவைப் பார்த்து வலது கையின் ஆள்காட்டி விரலை மெதுவாக வானத்தை நோக்கித் தூக்கினாள்.